பிரஷர் எத்தனை என்று கேளுங்கள்



தோட்டங்களில் நாங்கள் நடத்தும் தாய்மார் கூட்டங்களில் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது உங்கள் பிரஷர் எத்தனை இருந்தது?" பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் 14 கர்ப்பிணித் தாய்மார் இருந்தார்கள். எல்லோரும் ஒழுங்காகக் கிளினிக் போகிறவர்கள். எல்லோருடைய பையிலும் கர்ப்பகாலப் பதிவு அட்டை இருந்தது. ஆனால் ஒருவருக்கும் எண் தெரியாது. "நல்லாருக்குன்னு சொன்னாங்க மிஸ்" என்றார்கள். ஒரு தங்கை மட்டும், "கொஞ்சம் கூடவாம். யோசிக்க வேணாமுன்னாங்க" என்றாள். அவளுடைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். 140/90 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணைத் தொட்டு நிச்சயமாக யோசிக்க வேண்டும். அன்றே அவளை மிட்வைஃப் அம்மாவிடம் அனுப்பினோம்.

இம்மாதம் இதைப் பற்றி எழுத நினைத்தேன். கர்ப்பகாலத்தில் சிக்கல் வரும்போது நம்முடைய உடம்புக்காக நாமே வாய் திறந்து கேட்பது பற்றி. நான் வேலை செய்வது ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாத் தோட்டங்களில். இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலர் வன்னியிலும் கிழக்கிலும் இருக்கிறீர்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உங்களில் உண்டு. ஆகவே தோட்டத்துக் கதை உங்களுக்கு அந்நியமாக இருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் அந்த அட்டையைப் பார்ப்போம். அது வைத்தியசாலையின் சொத்தென்று நினைத்துச் சேலைக்கடியில் மடித்து வைத்திருப்பவர்கள் பலர். அது உங்களைப் பற்றிய பதிவு. உங்கள் கையில் இருக்கவென்றே தரப்படுவது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்களே என்று மலைக்க வேண்டாம். எண்களுக்கு மொழி இல்லை. பிரஷர் என்பது மேலும் கீழுமாக எழுதப்படும் இரண்டு எண்கள். மேல் எண் 140, அல்லது கீழ் எண் 90 ஆகிவிட்டால் கவனம் தேவை. 160, 110 என்றால் அது அவசரம். ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனைக் கட்டத்தில் கூட்டல் அடையாளங்கள் இருந்தால் புரதம் வெளியேறுகிறது என்று அர்த்தம். பிரஷரும் கூடி, புரதமும் போனால் அதுதான் முன்சூல்வலிப்பு என்ற நோய். கவனிக்காவிட்டால் தாய்க்கு வலிப்பு வரும். ஈரலும் சிறுநீரகமும் பழுதடையும். பிள்ளை உள்ளேயே இறந்து போகலாம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 இலும் குறைந்தால் குருதிச்சோகை. அடுத்து வயிற்றின் உயரம். மிட்வைஃப் அம்மா நாடாவால் அளந்து எழுதுவது. வாரங்கள் போகப் போக அது ஏறவேண்டும். ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் பிள்ளை வளரவில்லையோ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எழுத்து வாசிக்கத் தெரியாத தாயும் இந்த நான்கு கட்டங்களையும் ஒரு பின்னேரத்தில் படித்துக்கொள்வாள். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் அரைக் கிலோ பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர்கள் எங்கள் பெண்கள். எண் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது!

இனி ஒரு சகோதரியின் கதை. அவரது சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். வயது 31. இது அவருக்கு மூன்றாவது கர்ப்பம். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அந்த முறை தலைவலி, கைகால் வீக்கம் எல்லாம் இருந்திருக்கின்றன. "கர்ப்பிணின்னா கால் வீங்கத்தான் செய்யும்" என்று வீட்டிலும் சொன்னார்கள், வெளியிலும் சொன்னார்கள். பிள்ளை ஏன் போனது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. லயத்தில் கண்ணூறு என்றும், கோயிலுக்கு நேர்த்தி வைத்துச் செலுத்தாத குறை என்றும் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது கர்ப்பத்தில் அவர் எங்கள் கூட்டத்துக்கு வந்து அட்டை வாசிக்கப் பழகினார். 33 வாரம் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தலை வெடிப்பது போல வலி. நெஞ்சுக்குழியில் எரிவு. மாமியார் வாய்வு என்று ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். மருந்துக்கார ஐயா பனடோலும் நெஞ்செரிவுக்கு மாத்திரையும் கொடுத்து, ஒரு நாள் ஓய்வெடுக்கச் சொல்லித் துண்டு எழுதினார். வழக்கமாக எங்கள் பெண்கள் துண்டு கிடைத்தால் சந்தோஷமாகத் திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பவில்லை. அவர் சொன்னதை அவர் வாயாலேயே தருகிறேன்: "ஐயா, பிரஷர் பாத்து கார்டுல எழுதிக் குடுங்க. மொத புள்ள எட்டாம் மாசத்துல இதே தலைவலி வந்துதான் போச்சு. எழுதாம நான் போக மாட்டேன்."

பார்த்தார். 150/100. எழுதினார். அதன்பின் அவரே தோட்டத்து லொறிக்கு ஏற்பாடு செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிறவர்.

வைத்தியசாலையில் வெளிநோயாளர் வரிசையில் இருக்கச் சொன்னார்கள். இருமல்காரர், காய்ச்சல்காரர், கால் புண்காரர் எல்லோருக்கும் பின்னால் ஒரு மணித்தியாலம் இருந்தார். கண் மங்கத் தொடங்கியது. எழுந்து நேரே உள்ளே போய், அட்டையை விரித்து, 150/100 என்ற எண்ணில் விரலை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் பழகிய சிங்கள வசனத்தைச் சொன்னார்: "மிஸ்ஸி, ஒலுவ ரிதெனவா. எஸ் பேன்னே நே." தலை வலிக்கிறது, கண் தெரியவில்லை. வரிசையைக் குழப்புகிறாள் என்று முதலில் ஏச்சு விழுந்தது. பிறகு அந்தத் தாதி விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். திரும்பவும் பிரஷர் பார்த்தபோது 170/110. அதன்பின் எல்லாமே ஓட்டம்தான். வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி, அம்புலன்ஸ், பெரிய வைத்தியசாலை, அன்றிரவே சிசேரியன். பிள்ளை 1.6 கிலோ. மூன்று வாரத்துக்கு மேல் குழந்தைப் பராமரிப்புப் பிரிவில் இருந்துதான் வீட்டுக்கு வந்தாள். ஆம், பெண்பிள்ளை.

அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். சண்டை பிடிக்கவில்லை. அழுது புரளவில்லை. முன்னைய கர்ப்பத்தில் நடந்ததைச் சொன்னார். எண்ணை எழுதச் சொன்னார். எழுதிய எண்ணைக் காட்டினார். வைத்தியசாலையில் நூறு பேர் வலிக்கிறது என்கிறார்கள்; அதில் யார் வலி அவசரம் என்று அவர்களுக்கு உடனே தெரியாது. எண் அதைச் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு சாதாரண விடயம் ஏன் எங்கள் பெண்களுக்கு இவ்வளவு கடினமாக இருக்கிறது? சமூகவியல் படித்த பழக்கம், காரணம் தேடாமல் விட முடியவில்லை. தோட்டத்து வைத்தியம் ஆரம்பத்திலிருந்தே தோட்ட நிர்வாகத்தோடு பிணைந்தது. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. நாட்டின் ஏனைய மக்கள் அரசாங்க வைத்தியத்துக்குள் போக, தோட்ட மக்களின் சுகம் துரையின் பொறுப்பாக நீண்டகாலம் இருந்தது. 1970 களில் தோட்டங்கள் அரசுடமையானபோதும், 1992 இல் கம்பனிகளிடம் நிர்வாகம் கைமாறியபோதும் டிஸ்பென்சரி அதே இடத்தில்தான் இருந்தது. சில தோட்ட வைத்தியசாலைகளை மட்டும் பின்னர் அரசாங்கம் பொறுப்பேற்றது. பாட்டி காலத்திலிருந்து மருந்தும் பேரும் ஒரே கையிலிருந்து வந்த இடத்தில், மருந்து கொடுப்பவரிடம் கேள்வி கேட்பது துரையிடம் கேள்வி கேட்பது போல. பெரட்டில் கணக்கப்பிள்ளை, மலையில் கங்காணி, வீட்டில் கணவர், மாமியார். ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை பேரிடம் தலை குனிய வேண்டியிருக்கிறது!

உங்களில் முகாம்களில் இருந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். 2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்து வந்த ஓர் அக்கா, பின்னர் இங்கே ஒரு பயிற்சிப் பட்டறையில் சொன்னார்: "வரிசை, அட்டை, சீருடை. இந்த மூன்றையும் கண்டால் எனக்கு வாய் தானாக மூடிவிடும்." கிளினிக்கிலும் வரிசை, அட்டை, சீருடைதான். பதுங்குகுழியில் பிள்ளை பெற்றவர்களும், செல்லடிக்கு நடுவில் கருச்சிதைந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உயிர் தப்பியதே பெரிது, தலைவலிக்கு முறையிடுவதா என்று நினைப்பீர்கள். தாதியின் சீருடை சோதனைச் சாவடியின் சீருடை அல்ல என்பது புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிய நாளாகும். அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்று நான் சொல்வது. அம்மா, அக்கா, பக்கத்து லயத்துத் தோழி, யாராவது ஒருவர் கூடப் போனால் வாய் மூடும்போது அவர் பேசுவார்.

1994 இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போக வேண்டும் என்று தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். அவர்கள் இதை உலகத்துக்காக எழுதினார்கள். ஆனால் எனக்கு அது மஸ்கெலியாவுக்காகவே எழுதியது போல இருக்கிறது. முதலாவதில், இன்று வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடும் என்ற கணக்கு இருக்கிறது. இரண்டாவதில் லயத்துக்கும் பெரிய பாதைக்கும் இடையிலுள்ள கல்லும் சேறும். மூன்றாவதில் மொழி.

இலங்கையில் 1930 களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000 க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இது சாதாரண சாதனை அல்ல. சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகத் திரிந்த மிட்வைஃப் அம்மாமாரின் உழைப்பு அதில் இருக்கிறது. ஒரு தாய் இறந்தால் கட்டாயம் விசாரணை நடக்கும். குடும்ப சுகாதாரப் பணியகம் ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்கிறது. ஏன் பிந்தியது, யார் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று எல்லாம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை நாம் உயிரோடு இருக்கும்போதே கேட்டால் என்ன என்பதுதான் என் வாதம்.

மொழிக்கு வருவோம். 1987, 1988 ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களின்படி தமிழும் அரச கரும மொழி. 1999 இல் நுவரெலியா மாவட்டத்தின் நுவரெலியா, அம்பகமுவை உட்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வார்ட்டில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்பது வேறு விடயம். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரத்தம் போகும்போது உரிமையைப் பற்றி வாதாட நேரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்து வசனங்களைப் பாட்டுப் போலப் பாடமாக்குகிறோம். "லே யனவா", இரத்தம் போகிறது. "வத்துர கியா", பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. "லமயா ஹெல்லென்னே நே", பிள்ளை அசையவில்லை. "ஒலுவ ரிதெனவா, எஸ் பேன்னே நே", இது நீங்கள் மேலே கண்டது. கடைசியாக, "தெமள தன்ன கெனெக் இன்னவாத?" தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? இந்தக் கடைசி வசனத்துக்குப் பல முறை பக்கத்துக் கட்டிலிலிருந்தே ஒரு பெண் எழுந்து வந்து மொழிபெயர்த்திருக்கிறாள். சிங்களச் சகோதரிகளும் அப்படி உதவியிருக்கிறார்கள். பிரசவ வார்ட்டில் எல்லோருக்கும் ஒரே வலிதானே.

"படிக்காதவர்கள் என்பதால்தான் எங்களைக் கவனிப்பதில்லை" என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. என் இரண்டாவது கர்ப்பத்தில் எனக்குச் சீனி கூடியிருந்தது. மாத்திரையை ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஓரிடத்தில் கேட்டதற்கு, "நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்ற பதில் வந்தது. பட்டமும் கையில் இருந்தது, சிங்களமும் வாயில் இருந்தது. நான் இரண்டாம் முறையும் அதே கேள்வியைக் கேட்டேன்; பிறகுதான் விளக்கினார்கள். இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. உலகப் புகழ்பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் சிசேரியன் மூலம் மகளைப் பெற்றார். மறுநாள் மூச்சு முட்டியது. அவருக்கு 2011 இலும் நுரையீரலில் இரத்தக்கட்டி வந்திருந்ததால் அது என்னவென்று அவருக்கே தெரிந்தது. ஸ்கேன் எடுக்க வேண்டும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டும் என்று தாதியிடம் சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று அந்தத் தாதி நினைத்தாராம். வைத்தியர் வந்து காலை மட்டும் ஸ்கேன் செய்தார். அதில் ஒன்றும் இல்லை. அவர் விடவில்லை. நுரையீரலை ஸ்கேன் செய்தபோது உள்ளே இரத்தக்கட்டிகள் இருந்தன. பணம், பெயர், அமெரிக்க வைத்தியசாலை எல்லாம் இருந்த பெண்ணே இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ஒரு முறை கேட்டுப் பதில் வராவிட்டால் உங்கள் கேள்வி பிழை என்று நினைத்து வெட்கப்படாதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். பிரஷர் நோய் பிரசவத்துக்குப் பின்னும் வரலாம். ஆறு வாரம் வரை கவனமாக இருங்கள். பேறு பார்த்த வீட்டில் இருட்டறையில் இருக்கும் தாய்க்குக் கடும் தலைவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், துணி துணியாக நனையும் இரத்தப்போக்கு எது வந்தாலும் தீட்டுக் கழியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தீட்டைப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

மலையகத்தில் இன்னொரு விடயத்தைப் பேசாமல் இந்தத் தலைப்பை எழுத முடியாது. "ஒபரேசன்". 1980 களில் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் ரொக்கப் பணம் கொடுத்தது. 500 ரூபாய் அன்று ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய பணம். தோட்டங்களில் லொறி லொறியாகப் பெண்களை ஏற்றிப் போன கதைகளை அம்மாமார் இன்றும் சொல்கிறார்கள். தோட்டப் பெண்கள் போதிய விளக்கமின்றி இந்தச் சத்திர சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டதைப் பற்றி மலையகத்தவரான மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011 இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிள்ளை போதும் என்று நீங்களே நினைத்தால் அது நல்ல முடிவு. நானும் அதற்கு உதவி செய்திருக்கிறேன். ஆனால் பிரசவ வலியில் துடிக்கும்போது நீட்டும் கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டாம். "இது என்ன கடதாசி? சிசேரியனுக்கா, அதோடு ஒபரேசனுக்கும் சேர்த்தா?" என்று கேளுங்கள். விளங்கும் மொழியில் சொல்லும்படி கேளுங்கள். சிசேரியன் அவசரமாக இருக்கலாம். கருத்தடை ஒருபோதும் அந்த நிமிட அவசரம் அல்ல. ஏழாம் மாதத்திலேயே கணவரோடும் மிட்வைஃப் அம்மாவோடும் பேசித் தீர்மானித்து, அதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். முடிவு உங்களுடையது, மாமியாருடையதும் அல்ல, மிட்வைஃப் அம்மாவுடையதும் அல்ல.

வேலை பற்றிச் சுருக்கமாக. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் 12 வாரச் சம்பளத்துடனான விடுமுறை உங்களுக்கு உண்டு. மூன்றாம் பிள்ளையிலிருந்து அது அரைவாசியாக இருந்தது. 2018 இல் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாக்கிவிட்டார்கள். இன்னும் "மூணாவது புள்ளைக்குக் கெடையாது" என்று சொல்லும் கணக்கப்பிள்ளைகள் இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதத்தில் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு செய்யும் வேலையைக் கொடுக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு ஏறுவது கேடு செய்யும் வேலையா இல்லையா? இதை வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கிளினிக் டொக்டரிடம் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

இரத்தக் குறைவுக்கு ஒரு வார்த்தை. உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் எங்களுக்குத் தேயிலையே ஒரு வில்லங்கம். சோறோ ரொட்டியோ சாப்பிட்டவுடன் சாயத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராது. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்கள் ஏராளம்! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணியோடு, அல்லது ஒரு கொய்யாப்பழத்தோடு எடுங்கள். கல்சியம் மாத்திரையை இதனோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போடுங்கள். மாத்திரை குமட்டினால் கூரையில் வீசாமல், "குமட்டுகிறது, வேறு தாருங்கள்" என்று கேளுங்கள். திரிபோஷா பைக்கற்றை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தாய் வெறும் சாயத்தண்ணி குடிப்பதை நான் பார்க்காத லயம் இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் எடை ஏறவில்லை என்று கிளினிக்கில் கேட்டால் காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

போய்ச் சேர்வதற்கு 1990 என்ற இலக்கத்தை மனதில் வையுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2016 இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, பின்னர் வடக்கு, மலையகம் என்று நாடு முழுவதும் வந்துவிட்டது. தமிழிலும் பேசலாம். லயம் வரை வண்டி வராத இடங்களில் எந்தச் சந்திக்கு வரச் சொல்வது, அதுவரை யார் தூக்கிக்கொண்டு வருவது, யாருடைய ஓட்டோ என்பதை எட்டாம் மாதத்துக்கு முன்பே பேசி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டுப் பாதைகள் மண்சரிந்து மூடுண்டதைக் கண்டோம். பிரஷர், சீனி, இரட்டைப் பிள்ளை, முன்பு சிசேரியன் என்று ஏதாவது சிக்கல் உள்ளவர்கள் அடைமழைக் காலத்தில் நாள் நெருங்கினால், முன்கூட்டியே வார்ட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். கேட்டுச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

நடந்தது சரியில்லை என்றால்? வார்ட்டிலேயே என்றால் பொறுப்பான சிஸ்டரிடம் முதலில் சொல்லுங்கள். பெரும்பாலான பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். பிரதி ஒன்றைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். திகதி, நேரம், வார்ட் இலக்கம், என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, இவ்வளவு போதும். கோபத்தை எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள்.

எங்கள் தாய்மார் குழு ஒன்று இப்படித்தான் சென்ற வருடம் ஒரு வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதியது. முறைப்பாடு அல்ல, ஒரு வேண்டுகோள். கிளினிக் நாளில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், ஆபத்து அறிகுறி உள்ளவர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று ஒரு பலகை தமிழில் வைக்க வேண்டும் என்று. 22 பேர் கையெழுத்திட்டார்கள், அதில் ஆறு பேர் பெருவிரல் அடையாளம். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் மாதம் புதன்கிழமைகளில் தமிழ் பேசும் மிட்வைஃப் ஒருவரை விட்டார்கள். பலகையும் வந்தது. அதில் கர்ப்பிணி என்பதைக் "கற்பினி" என்று எழுதியிருந்தார்கள். திருத்தச் சொல்லி அடுத்த கடிதத்தையும் அந்தப் பெண்கள் போட்டிருக்கிறார்கள்.